கேளுங்க சொல்றேன்: பூமிக்கு 6000 வயசா, 454 கோடியா?

போன இதழ்ல யாரோ கேட்ட வேற ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது "பிரபஞ்சத்துக்கு 1380 கோடி வருஷம் ஆச்சு"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், தபால், மெயில், வாட்ஸ்அப்னு வந்து குவிஞ்சுடுச்சு. பாதி பேர் அது எப்படித் தெரியும்னு கேக்குறாங்க, கொஞ்சம் பேர் பைபிள்படி ஆறாயிரம்தான்னு சண்டைக்கே வந்துட்டாங்க, இன்னும் கொஞ்சம் பேர் இதெல்லாம் நம்ம புராணத்துலயே இருக்கேன்னு. அதனால இந்தத் தடவை சினிமா, அரசியல் கேள்வி எல்லாத்தையும் ஓரங்கட்டியாச்சு. பேர் போட வேணாம்னு நெறைய பேர் சொன்னதால ஊர் மட்டும் போடுறேன்.

கே: 1380 கோடின்னு அடிச்சு விடுறீங்களே, நீங்க அங்க இருந்தீங்களா? (தூத்துக்குடி)

ப: இல்லைங்க. எங்க தாத்தா கல்யாணத்துக்கும் நான் போகல, ஆனா அது நடக்கலன்னு சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வி உங்க சொந்தக் கேள்வி இல்ல, அமெரிக்கால இருந்து வந்த சரக்கு. கென் ஹாம்னு ஒருத்தர், ஆஸ்திரேலியாவுல வாத்தியாரா இருந்தவர், அப்புறம் அமெரிக்கா போய் 'ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ்'னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சார். கோடி வருஷம்னு யாராச்சும் சொன்னா "நீங்க அங்க இருந்தீங்களா"ன்னு கேளுங்கடான்னு சின்னப் பசங்களுக்கே சொல்லிக் கொடுப்பார். திருப்பி அவர்கிட்டயே கேட்டா, நான் இல்ல, கடவுள் இருந்தார், அவர் எழுதி வச்சிருக்கார்னு பதில் வரும். சரி, ஆதியாகமத்துல 6000னு எந்த வசனத்துல இருக்கு? எங்கயும் இல்ல. அது மனுஷன் உக்காந்து கூட்டிப் போட்ட கணக்கு, அடுத்த பதில்ல வருது.

கே: பொண்ணு வீட்டுக்கு சின்சினாட்டி வந்திருக்கோம். பக்கத்துல கென்டக்கியில நோவா பேழைய மரத்துலயே மலை மாதிரி கட்டி வச்சிருக்காங்கன்னு கூட்டிட்டுப் போனாங்க. உள்ள போனா கூண்டுக்குள்ள டைனோசர் பொம்மை! பூமிக்கே ஆறாயிரம் வயசுதானாம். இவ்ளோ படிச்ச நாட்டுல இது எப்படி சார் வந்துச்சு? (சொந்த ஊர் மதுரை)

ப: நீங்க பாத்தது மேல சொன்ன கென் ஹாமோட அமைப்பு வில்லியம்ஸ்டவுன்ல 2016-ல திறந்த பேழை, 510 அடி நீளம். அதே ஆளுங்க 2007-ல பீட்டர்ஸ்பர்க்ல ஒரு மியூசியமும் திறந்தாங்க, அங்கயும் மனுஷனும் டைனோசரும் ஒண்ணாதான் இருப்பாங்க.

அந்த 6000 எங்க இருந்து வந்துச்சுன்னா, அயர்லாந்துல ஆர்மான்னு ஒரு ஊரோட பேராயர் ஜேம்ஸ் அஷர், 1650-ல ஒரு பெரிய புத்தகம் போட்டார். ஆதாம் 130 வயசுல சேத்தைப் பெத்தான், சேத் 105 வயசுல ஏனோஸைப் பெத்தான்னு ஆதியாகமத்துல வரிசையா வருதில்ல, அதையெல்லாம் கூட்டிக்கிட்டே வந்து, ராஜாக்கள் கணக்கையும் சேத்து, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் செத்த வருஷத்தோட கொண்டு வந்து கோத்து, பின்னாடி எண்ணிப் போயி கி.மு. 4004 அக்டோபர் 23-ன்னு நிறுத்தினார். தேதியோட! இன்னைக்கு சிரிப்பா இருக்கும், ஆனா அந்த மனுஷன முட்டாள்னு சொல்றவங்களோட நான் சேர மாட்டேன், அந்தக் காலத்துல கைல இருந்த ஆதாரம் அவ்ளோதான், கெப்ளரே கிட்டத்தட்ட கி.மு. 4000-ன்னுதான் கணக்குப் போட்டு வச்சிருந்தார். இதுல இன்னொரு கூத்து, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு பைபிளப் பாத்தீங்கன்னா ஆதாம் சேத்தைப் பெத்தது 230 வயசுல, இப்படி ஒவ்வொருத்தருக்கும் கூடக் கூட, கடைசில உலகத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் வருஷம் வயசு ஏறிடும். எந்தப் பிரதியக் கூட்டுறோம்ங்கறதுலயே விடை மாறுது பாருங்க.

எங்க பெரியப்பா உபதேசியாரா இருந்தவர். அவர்கிட்ட தோல் அட்டை போட்ட ஒரு பழைய இங்கிலீஷ் பைபிள் இருந்துச்சு, ஆதியாகமம் முதல் பக்கத்து ஓரத்துல பொடி எழுத்துல கி.மு. 4004-ன்னு அச்சடிச்சிருக்கும். சின்ன வயசுல அதுவும் வேதத்துல உள்ள வசனம்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நான் மட்டும் இல்ல, 1701-ல இருந்து கிங் ஜேம்ஸ் பைபிள் ஓரத்துல அஷரோட தேதிய அச்சடிக்க ஆரம்பிச்சாங்க, தலைமுறை தலைமுறையா ஓரத்துல இருந்தது உள்ள போயிடுச்சு.

ஆனா கிறிஸ்தவங்க எல்லாரும் அப்போ இருந்து இப்போ வரைக்கும் இதையே புடிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு நெனச்சுடாதீங்க. ஆடம் செட்ஜ்விக்னு கேம்பிரிட்ஜ்ல பாதிரியார், புவியியல் பேராசிரியரும் கூட, இந்த ஜல்லி மண் படிவமெல்லாம் நோவா வெள்ளம் விட்டுட்டுப் போனதுன்னு சொல்லிக்கிட்டிருந்தவர், 1831-ல லண்டன் புவியியல் சங்கத் தலைவர் நாற்காலில உக்காந்துக்கிட்டே நான் சொன்னது தப்புன்னு வாபஸ் வாங்கினார். டார்வின் புத்தகம் வர்றதுக்கு 28 வருஷம் முன்னாடி! 1925-ல டென்னசில பரிணாமம் சொல்லிக் குடுத்த வாத்தியார் மேல கேஸ் போட்டாங்கல்ல, அதுல பைபிள் பக்கம் நின்ன வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, ஆறு நாள்னா 24 மணி நேர நாளாத்தான் இருக்கணும்னு இல்லன்னு கூண்டுல ஏறிச் சொன்னார். இன்னைக்கு நாம பாக்குற இந்த அடம் பெரும்பாலும் 1961-க்கு அப்புறம் வந்தது, விட்கம்னு ஒரு இறையியல் பேராசிரியரும் மாரிஸ்னு ஒரு நீர்ப்பொறியியல் பேராசிரியரும் சேந்து ஜலப்பிரளயம்தான் எல்லாப் பாறைக்கும் காரணம்னு ஒரு புத்தகம் எழுதினாங்க, அது புடிச்சிக்கிச்சு. இத சயின்ஸ் பாடமா ஸ்கூல்ல வைக்கணும்னு லூசியானா மாநிலம் சட்டமே போட்டு, 1987-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணுச்சு. மியூசியத்துக்கு அந்தத் தடை கிடையாது, டிக்கெட் வாங்கிட்டுப் பாக்கலாம். மர வேலைப்பாடு மட்டும் பிரமாதம்னு போனவங்க எல்லாரும் சொல்றாங்க.

கே: நட்சத்திர வெளிச்சம் வர லட்சக்கணக்கான வருஷம் ஆகும்னா, அந்தத் தூரத்தையே தப்பா அளந்திருக்கலாம்ல? இல்லன்னா அந்தக் காலத்துல வெளிச்சம் இன்னும் ஸ்பீடா போயிருக்கலாம்ல? (இன்ஜினியரிங் மாணவர், திருநெல்வேலி)

ப: நல்ல கேள்வி தம்பி, இந்த மாசம் வந்ததுலயே இதுதான் எனக்குப் புடிச்சது. பொதுவா பேசாம ஒரே ஒரு நட்சத்திரத்த எடுத்துக்குவோம்.

1987 பிப்ரவரி 23, பெரிய மெகல்லானிக் மேகம்னு நமக்குப் பக்கத்து வீட்டு கேலக்ஸில ஒரு நட்சத்திரம் வெடிச்சது தெரிஞ்சுச்சு. 1987ஏ-ன்னு பேரு. தெற்கத்தி நாடுகள்ல வெறுங்கண்ணுக்கே தெரிஞ்சது. அந்த நட்சத்திரத்த சுத்தி ஒரு வாயு வளையம் இருந்துச்சு, மோதிரம் மாதிரி. வெடிச்ச வெளிச்சம் நமக்கு நேரா ஒரு பக்கம் வந்துக்கிட்டிருக்க, இன்னொரு பக்கம் போயி அந்த மோதிரத்துல பட்டுது, மோதிரம் மின்ன ஆரம்பிச்சுது. மோதிரம் சாஞ்சு இருக்குறதால நம்ம பக்கத்து ஓரம் முதல்ல, சுமார் 80 நாள்ல, பின்பக்கத்து ஓரம் கடைசியா, சுமார் 400 நாள்ல. நடுவுல எடுத்தா 240 நாள், அதாவது நட்சத்திரத்துல இருந்து மோதிரம் வரைக்கும் வெளிச்சம் போக 240 நாள். அப்ப மோதிரத்தோட ஆரம் எவ்ளோன்னு கைல வந்துடுச்சு. அப்புறம் ஹபிள் தொலைநோக்கில பாத்தா அந்த மோதிரம் வானத்துல எவ்ளோ பெருசா தெரியுதுன்னு அளக்கலாம், ஒரு ரூபா காசை கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் தள்ளி வச்சுப் பாத்தா எவ்ளோ தெரியுமோ அவ்ளோ. உண்மையான சைஸ் தெரியும், கண்ணுக்குத் தெரியுற சைஸ் தெரியும், மிச்சம் பத்தாங்கிளாஸ் டிரிகோணமெட்ரி. போட்டுப் பாருங்க, சுமார் 1,68,000 ஒளி ஆண்டு வரும். இதுல பரிணாமமும் இல்ல, பெருவெடிப்பும் இல்ல, முக்கோணம்தான் இருக்கு.

சரி, வெளிச்சம் அப்ப ஸ்பீடா போச்சுன்னே வைங்க. ஸ்பீடா கிளம்பின வெளிச்சம் வர வர மெதுவாச்சுன்னா, அங்க நடந்ததெல்லாம் நமக்கு ஸ்லோ மோஷன்ல தெரியணும். ஒரு செகண்ட் இடைவெளில கிளம்பின ரெண்டு வெளிச்சத்துக்கு நடுவுல அப்ப இருந்த தூரம் பெருசு, அதே தூரத்த இப்ப மெதுவா கடக்கணும்னா கூட நேரம் ஆகும்ல. ஆனா அந்த வெடிப்புல கோபால்ட்-56னு ஒரு கதிரியக்கப் பொருள் உண்டாச்சு, அதோட அரை ஆயுள், அதாவது இருக்குறதுல பாதி சிதைய ஆகுற நேரம், நம்ம லேப்ல 77 நாள். வானத்துல அந்த வெளிச்சம் மங்கின வேகமும் அதே 77 நாள் கணக்குலதான். ஸ்லோ மோஷன் இல்ல. அதாவது அங்க அணு சிதையுற வேகமும் இங்க சிதையுற வேகமும் ஒண்ணு, வெளிச்சமும் ஏமாத்தல. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

இன்னொன்னு சொல்லணும். அந்த மோதிர வாயு, நட்சத்திரம் வெடிக்கிறதுக்கு சுமார் 20,000 வருஷம் முன்னாடி துப்புனது. வெளிச்சம் வந்த நேரத்த விட்டுடுங்க, துப்புனதுல இருந்து வெடிச்சது வரைக்குமே 6000-த்துக்குள்ள அடங்கல.

வழியிலயே வெளிச்சத்தையும் சேத்துக் கடவுள் படைச்சிட்டார்னு சிலர் சொல்லுவாங்க. அப்படின்னா அந்த நட்சத்திரம் வெடிக்கவே இல்ல, இருந்ததே இல்ல, நடக்காத ஒரு விஷயத்தோட வீடியோவ கடவுள் நமக்குப் போட்டுக் காட்டுறார்னு அர்த்தம். இதையும் தாண்டி ஒரு அமெரிக்க வானியல்காரர், அவரும் பூமிக்கு 6000 வயசுதான்னு சொல்ற 'இளம் பூமி' ஆளுதான், நம்மள நோக்கி வர்ற வெளிச்சத்துக்கு நேரமே ஆகாதுன்னு வச்சுக்கலாம்னு ஒரு கணக்குச் சொன்னார். ஒருவழி வேகத்த தனியா அளக்க முடியாதுங்கறது நெசந்தான், ஆனா அது கடிகாரத்துக்குப் பேர் மாத்துற வேலை. சென்னைல இருந்து லண்டனுக்கு பத்து மணி நேரத்துக்கு மேல பறந்துட்டு, ரெண்டு ஊர் லோக்கல் டைமையும் கழிச்சுப் பாத்து அஞ்சு மணி நேரத்துல வந்துட்டேன்னு சொன்னா, முதுகு வலி போயிடுமா?

கே: கார்பன் டேட்டிங்கே டுபாக்கூர்னு நிரூபிச்சாச்சு. அமெரிக்காவுல உண்டாகி பத்தே வருஷம் ஆன எரிமலைக் கல்லுக்கு மூணரை லட்சம் வருஷம்னு லேப் ரிப்போர்ட் வந்துச்சே, பாக்கலையா? (கோயம்புத்தூர்)

ப: பாத்தேன். முதல்ல, அது கார்பன் டேட்டிங்கே இல்ல. கார்பன்-14 கீழடி மாதிரி விஷயத்துக்கு, கரி, நெல்லு, எலும்பு, உயிரோட இருந்த எதுவும். அரை ஆயுள் 5730 வருஷம், 50,000 வருஷம் தாண்டினா மிச்சமே இருக்காது. டைனோசருக்கோ பூமிக்கோ யாரும் கார்பன் பாக்குறதில்ல.

நீங்க சொல்றது செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை. 1980-ல வெடிச்சது, அப்புறம் 1986 வரைக்கும் வாய்ல குழம்பு பொங்கி மேடு கட்டிச்சு. அந்தக் கல்ல ஒரு இளம் பூமி புவியியலாளர் எடுத்து பொட்டாசியம்-ஆர்கான் முறைல அளக்கக் குடுத்தார். பொட்டாசியம்-40-க்கு அரை ஆயுள் 125 கோடி வருஷம், பத்து வருஷத்துல அதுல இருந்து என்ன ஆர்கான் வந்திருக்கும்? ஒண்ணுமே இருக்காது. இருக்குற துளியும் குழம்புல கலந்து வந்த பழைய படிகத்துல ஒட்டிக்கிட்டிருந்தது. லாரி ஏத்துற எடை மேடைல மூக்குத்திய வச்சு எடை போட்டுட்டு மேடை தப்புன்னு சொல்ற கதை.

பூமி வயச கண்டுபுடிச்சது வேற வழி, அந்த ஆளோட கதை எனக்கு ரொம்பப் புடிக்கும். கிளேர் பேட்டர்சன். பூமி உருவான அதே காலத்துல உருவான, அரிசோனாவுல பெரிய பள்ளம் போட்ட ஒரு விண்கல் துண்டுல ஈயம் எவ்ளோ, எந்த வகை ஈயம்னு அளக்கப் பாக்குறார், அளந்தா ஒவ்வொரு தடவையும் ஒரு விடை, ஈயம் எக்கச்சக்கமா வருது. கல்லுல இருந்து வரல, ரூம்ல இருந்து வருது, காத்துல, தூசில, தலைமுடில எல்லாம் ஈயம். வருஷக்கணக்கா தேய்ச்சுக் கழுவி, ஆசிட்டையே காய்ச்சி வடிச்சு சுத்தம் பண்ணி, கடைசில 1956-ல 455 கோடி வருஷம்னு வெளியிட்டார், ஏழு கோடி முன்னப் பின்ன. இன்னைக்கு 454-ன்னு சொல்றோம், அவ்ளோதான் மாறியிருக்கு. யுரேனியம் சிதைஞ்சு கடைசில ஈயமாகும், அத வச்சு அளக்குற இந்த யுரேனியம்-ஈயம் முறைல ஒரு கல்லுக்குள்ளயே ரெண்டு கடிகாரம் இருக்கு, யுரேனியம்-238-க்கு அரை ஆயுள் 447 கோடி, 235-க்கு 70 கோடிச் சொச்சம். ரெண்டும் வேற வேற வேகத்துல ஓடி ஒரே நேரத்தக் காட்டணும். நடுவுல எவனாச்சும் முள்ளத் திருப்பியிருந்தா ரெண்டும் ஒத்துப் போகாது, உடனே தெரிஞ்சிடும்.

அப்புறம் அந்த மனுஷன் காத்துல இவ்ளோ ஈயம் எங்க இருந்து வருதுன்னு தேடிப் போய், பெட்ரோல்ல கலக்குறதுதான் காரணம்னு கம்பெனிக்காரங்களோட பல வருஷம் மல்லுக்கட்டினார். நம்ம ஊர் பங்க்ல 'அன்லெடட்'னு போர்டு தொங்குனது ஞாபகம் இருக்கா? 2000-த்துல நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்னுச்சு. பூமி வயசு தேடப் போனவர்தான் அந்தச் சண்டைய ஆரம்பிச்சு வச்சவங்கள்ல ஒருத்தர்.

இன்னும் ஒண்ணு. இளம் பூமிக்காரங்களே 1997-ல இருந்து 2005 வரைக்கும் ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணாங்க. முடிவுல, இன்னைக்கு உள்ள வேகத்துல பாத்தா கோடிக்கணக்கான வருஷத்துக்கு உண்டான சிதைவு பாறைக்குள்ள நடந்திருக்குன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. படைப்பு நேரத்துலயும் பிரளயத்துலயும் அது வேகமா நடந்துடுச்சுன்னாங்க. அவ்ளோ சிதைவு ஒரு வருஷத்துல நடந்தா வர்ற சூட்டுல பாறையே உருகிடுமே, நோவா எங்க நின்னாருன்னா, அதுக்குத் தீர்வு இன்னும் கெடைக்கலன்னு அவங்களே எழுதியும் வச்சிருக்காங்க. அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட்.

கே: எங்க ஊர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரில கடல் சிப்பியா கெடக்குது. இது நோவா காலத்து வெள்ளத்துக்கு சாட்சின்னு ஒரு வீடியோ சுத்துது. கடல் இங்க இருந்து எவ்ளோ தூரம், வெள்ளம் இல்லாம எப்படி வரும்? (அரியலூர்)

ப: வீடியோக்காரர் குவாரிக்கு வந்து பாத்திருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். கடல் வந்தது நெசம், உங்க ஊர் கடலடியா இருந்ததும் நெசம், ஆனா அது டைனோசர் காலம், சுமார் 10 கோடி வருஷம் முன்னாடில இருந்து 6 கோடிச் சொச்சம் வரைக்கும், வந்து வந்து போன கடல். இது இன்னைக்கு நேத்து தெரிஞ்ச விஷயமும் இல்ல, 1840-கள்லயே வெள்ளைக்காரங்க இங்க வந்து சிப்பி பொறுக்கிட்டுப் போயிருக்காங்க.

கல்லங்குறிச்சிப் பக்கம் ஒரு சிப்பிக் கல்ல எடுத்து வெயில்ல திருப்பித் திருப்பிப் பாருங்க. கிரைஃபியான்னு பேரு, தடியா, கிண்ணம் மாதிரி வளைஞ்சு இருக்கும். சில ஓட்டு மேல ஊசி குத்தின மாதிரி துளை இருக்கும், வேற ஏதோ உயிர் குடைஞ்சது. ஓட்டு மேல இன்னொரு உயிர் வலை பின்னின மாதிரி ஒட்டி வளந்திருக்கும். அப்படின்னா என்ன? அந்தச் சிப்பி வளந்து, செத்து, ஓடு கடலடில சும்மா கெடந்து, அது மேல வேற ஒண்ணு வந்து குடியிருந்து, அப்புறம்தான் மண்ணு மூடிச்சு. இது ஒரு சிப்பிக்கு. இப்படி அடுக்கடுக்கா, சிமெண்டு ஃபேக்டரிங்க வெட்டித் தீராத அளவுக்கு. எல்லாத்தையும் புரட்டிப் போடுற வெள்ளத்துல எந்தப் புழு நிதானமா உக்காந்து ஓடு குடையும்?

கல்லமேட்டுல இன்னும் வேடிக்கை. கடல் படிவத்துக்கு மேல ஆத்து மணல் படிவம், அதுல டைனோசர் எலும்பு. அதுக்கும் மேல நின்னியூர்ல மறுபடி கடல் படிவம். கடல் போயி, ஆறு ஓடி, மிருகம் நடமாடி, திரும்பக் கடல் வந்திருக்கு. ஒரே வருஷ வெள்ளத்துல இந்த வரிசைய எப்படி அடுக்குறது? வெள்ளம்னா எல்லாம் கலந்துல்ல கெடக்கணும், அம்மோனைட்டோட ஒரு மாட்டு எலும்பு, ஒரு பானை ஓடு. ஒண்ணு கூட கெடையாது. (அம்மோனைட்னா சுருண்ட நத்தை மாதிரி இருக்குமே, அது. பெருமாள் பூஜைல வைக்கிற கண்டகி நதி சாளக்கிராமமும் அதே ஜாதிதான்.) வாரணவாசில மியூசியம் இருக்கு, பசங்கள கூட்டிட்டுப் போங்க.

கே: பிரம்மாவோட ஒரு பகல் 432 கோடி வருஷம். சயின்ஸ் சொல்ற பூமி வயசு 454 கோடி. நம்ம ரிஷிகள் அப்பவே கரெக்டா சொல்லிட்டாங்களே, இத ஏன் எழுத மாட்டேங்குறீங்க? (கும்பகோணம்)

ப: எழுதுறேன், ஆனா உங்களுக்குப் புடிக்காது. 432 கோடிங்கறது ஒரு கல்பத்தோட, அதாவது பிரம்மாவோட அந்த ஒரு பகலோட முழு நீளம், பூமியோட இன்னைய வயசு இல்ல. நாம இப்ப எங்க இருக்கோம்னு சங்கல்பத்துலயே சொல்றாங்களே, ஸ்வேதவராஹ கல்பே, வைவஸ்வத மன்வந்தரே, அஷ்டாவிம்சதிதமே கலியுகே... ஏழாவது மன்வந்தரம், இருபத்தெட்டாவது சதுர்யுகம். அந்தக் கணக்குப்படி இந்தக் கல்பத்துல ஓடினது சுமார் 197 கோடி. 454-க்குப் பாதி கூட வரல. கோடிக்கணக்குல யோசிக்க நம்மாளுங்க பயப்படலங்கறது பெருமைதான். ஆனா ஒத்துப் போற நம்பர மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்த மறைச்சா, கென்டக்கிக்காரங்கள சிரிக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கு?

கே: ஆதாமுக்குத் தொப்புள் இருந்துச்சா? (விருதுநகர்)

ப: கிண்டலா கேட்டிருக்கீங்க, ஆனா 1857-ல இங்கிலாந்துல பிலிப் காஸ்னு ஒரு நல்ல விலங்கியல் அறிஞர் இதுக்காக ஒரு புத்தகமே எழுதினார், பேரே கிரேக்கத்துல தொப்புள்னு அர்த்தம். ஆதாம் தாய் வயித்துல இல்லாட்டியும் தொப்புளோட படைக்கப்பட்டான், மரம் வளையத்தோட படைக்கப்பட்டுச்சு, அதே மாதிரி பாறையும் உள்ள எலும்போடயே படைக்கப்பட்டுச்சுன்னார். அவரோட ஃப்ரெண்டு சார்ல்ஸ் கிங்ஸ்லி, பாதிரியார், கடவுள் பாறை மேல இவ்ளோ பெரிய தேவையில்லாத பொய்ய எழுதினார்னு என்னால நம்ப முடியாதுன்னு பதில் எழுதிட்டார். புத்தகமும் விக்கல, பாவம்.

கே: விஞ்ஞானிகளே மாத்தி மாத்திச் சொல்றாங்க. இன்னைக்கு 1380 கோடிம்பாங்க, நாளைக்கு வேற. இத நம்பி எப்படி? (சேலம்)

ப: மாத்துனது உண்மை. கெல்வின் பிரபு 1862-ல பூமி சூடு ஆறுற கணக்கப் போட்டு 2 கோடில இருந்து 40 கோடிக்குள்ளன்னார், கதிரியக்கம்னு ஒண்ணு இருக்குறதே அப்ப தெரியாது. இதவிட பெரிய மானக்கேடு 1929-க்கு அப்புறம். கேலக்ஸிங்க எவ்ளோ தூரத்துல இருந்தா எவ்ளோ வேகமா விலகிப் போகுதுன்னு எட்வின் ஹபிள்னு ஒரு வானியலாளர் கணக்குச் சொன்னார், அத வச்சு பின்னாடி ஓட்டினா பிரபஞ்சத்துக்கு சுமார் 200 கோடி வருஷம்தான் வந்துச்சு. பாறைங்களோ அதவிடப் பழசு! அம்மாவ விட பொண்ணுக்கு வயசு கூட. இத யாரும் மூடி மறைக்கல, எங்கயோ தப்பு இருக்குன்னு தேடினாங்க.

கண்டுபுடிச்சவர் வால்டர் பாடே, ஜெர்மன்காரர், கலிஃபோர்னியாவுல மவுண்ட் வில்சன் வானாய்வு மையத்துல வேலை. ரெண்டாம் உலகப்போர் நேரம், எதிரி நாட்டுக்காரர்னு வெளிய போக விடல, மத்த விஞ்ஞானிங்க எல்லாம் போர் வேலைக்குப் போயிட்டாங்க, இவருக்கு 100 இஞ்சு தொலைநோக்கி கிட்டத்தட்ட தனியா கெடைச்சுது. அதுக்கும் மேல, குண்டு விழும்னு பயந்து லாஸ் ஏஞ்சல்ஸ் விளக்கையெல்லாம் அணைச்சு வச்சிருந்தாங்க, வானம் கும்மிருட்டு. அந்த இருட்டுல ஆண்ட்ரோமெடாவுல தனித்தனி நட்சத்திரத்தப் பிரிச்சுப் பாத்தார், நட்சத்திரத்துலயே ரெண்டு ரகம் இருக்குன்னு புரிஞ்சுது. தூரம் அளக்க வச்சிருந்த துடிக்கிற நட்சத்திரங்க, செஃபீட்னு சொல்வாங்க, அதுலயும் ரெண்டு ரகம், ரெண்டையும் ஒண்ணா நெனச்சுதான் கணக்கு கெட்டுப் போயிருந்துச்சு. 1952-ல அறிவிச்சார், ஒரே நாள்ல பிரபஞ்சத்தோட சைஸும் வயசும் ரெண்டு மடங்கு. இப்பவும் பிரபஞ்சம் விரியுற வேகத்தக் குறிக்கிற எண் 67-ஆ 73-ஆன்னு ஒரு சண்டை ஓடுது, தீரல. ஆனா அந்தச் சண்டைல வயசு மாறுனா நூறு கோடி வாக்குல மாறும். 1380 கோடியா 1270 கோடியான்னு அடிச்சுக்கிறவங்களப் பாத்து, அப்ப 6000-தான்னு நடுவுல நாற்காலி போட முடியாது.

கே: நான் விசுவாசி. பெருவெடிப்ப ஒத்துக்கிட்டா என் விசுவாசம் போயிடும்னு சபையில சொல்றாங்க. படிக்கப் படிக்க பயமா இருக்கு. (நாகர்கோவில்)

ப: பயப்படாதீங்கம்மா. பிரபஞ்சம் விரியுதுன்னு 1927-லயே எழுதி, 1931-ல எல்லாம் ஒரு புள்ளில இருந்து ஆரம்பிச்சிருக்கணும்னு சொன்னவர் யார் தெரியுமா? ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியத்து கத்தோலிக்க குருவானவர். அங்கி போட்டுக்கிட்டே வகுப்பு எடுத்தவர். பூசை வைக்கிறதையும் நிறுத்தல, கணக்குப் போடுறதையும் நிறுத்தல. 1951-ல போப் பன்னிரண்டாம் பயஸ், பாத்தீங்களா அறிவியலே படைப்ப நிரூபிச்சிடுச்சுங்கற மாதிரி பேசினப்போ, சந்தோஷப்படுறதுக்குப் பதிலா இவர் சங்கடப்பட்டார், என் தியரிய வேதத்துக்குச் சாட்சியா நிறுத்தாதீங்கங்கறதுதான் அவர் நிலை. பெருவெடிப்போட மிச்சச் சூடு வானம் முழுக்க இருக்குன்னு நியூ ஜெர்சில ரெண்டு பேர் கண்டுபுடிச்ச சேதி, 1966-ல அவர் சாகுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி அவருக்குப் போய்ச் சேந்துச்சு. அவங்க ரெண்டு பேரும் ஆன்டெனால வர்ற இரைச்சலுக்கு புறா எச்சம்தான் காரணம்னு நெனச்சு வழிச்சுக் கழுவினவங்க, பின்னாடி 1978-ல நோபல் வாங்கினாங்க. உங்க சபைல சொன்னவருக்கு லெமேத்ர் பேரச் சொல்லிப் பாருங்க. என்ன சொன்னார்னு எனக்கும் எழுதுங்க.

கே: எங்க மாமா பாஸ்டர். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் இதே வாக்குவாதம், கடைசில அத்தை அழுதுடுறாங்க. ஜெயிக்க ஒரு வழி சொல்லுங்க. (திருச்சி)

ப: ஜெயிக்கணுமா, பிரியாணி சாப்பிடணுமா, மொதல்ல அத முடிவு பண்ணுங்க. 2014 பிப்ரவரி 4, அதே கென்டக்கி மியூசியத்துல கென் ஹாமும், டிவில சயின்ஸ் சொல்லிக் குடுத்துப் பேர் வாங்கின பில் நையும் ரெண்டரை மணி நேரம் மேடைல மோதினாங்க. எது உங்க மனச மாத்தும்னு கேட்டப்போ, நை ஆதாரம்னார், ஹாம் என்னை யாராலயும் மாத்த முடியாதுங்கற அர்த்தத்துலதான் சொன்னார். அத்தோட வாக்குவாதம் முடிஞ்சுது, எனக்குத் தெரிஞ்ச வரை.

மாமா அந்த ரகம் இல்ல, கேக்குற ஆளுன்னா, நட்சத்திரம், யுரேனியமெல்லாம் எடுக்காதீங்க. மர வளையம் எடுங்க. ஜெர்மனில ஆத்து மண்ணுல புதைஞ்ச ஓக், பைன் மரங்கள ஒண்ணோட ஒண்ணு கோத்து, இந்த மரத்தோட வெளி வளையம் அந்த மரத்தோட உள் வளையம்னு, 12,000 வருஷத்துக்கு மேல அறுபடாம எண்ணி வச்சிருக்காங்க. அஷர் கணக்குல பிரளயம் கி.மு. 2348. அந்த வருஷத்துலயும் வளையம் இருக்கு, முந்தின வருஷமும் இருக்கு, அடுத்த வருஷமும் இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு வளையம் விழுந்திருக்கும்பார். ஓக் மரம் அப்படி ரெண்டு போடுறது ரொம்ப அபூர்வம், போட்டிருந்தா கார்பன் கணக்கோட ஒத்து வராதுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல பேசினா இன்னொரு கரண்டி தயிர்ப்பச்சடி கேளுங்க.

கே: அங்கிள், ரொம்ப ரொம்பப் பழசா ஒண்ணு நான் என் கண்ணால பாக்கணும். எங்க ஊர்ல முடியுமா? (ஏழாம் வகுப்பு, தருமபுரி)

ப: முடியும் கண்ணு. நவம்பர் கடைசி, டிசம்பர் ஆரம்பத்துல அமாவாசை ஒட்டி ஒரு நாள், ராத்திரி எட்டு எட்டரைக்கு, தெருவிளக்கு இல்லாத இடமா அப்பாவ கூட்டிட்டுப் போ. வடக்க பாத்து நின்னு தலைய நல்லா தூக்கு, உச்சிக்குக் கொஞ்சம் கீழ, பஞ்சத் தேச்சு விட்ட மாதிரி மங்கலா ஒரு கறை தெரியும். நேராப் பாத்தா மறைஞ்சிடும், ஓரக்கண்ணால பாரு. அதுதான் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி, அந்த வெளிச்சம் கிளம்பி 25 லட்சம் வருஷம் ஆச்சு. போன உடனே தெரியலன்னு திரும்பி வந்துடாத, கண்ணு இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் ஆகும். அதுக்குள்ள அப்பா மொபைல எடுத்துப் பாத்தார்னா மறுபடி முதல்ல இருந்து இருபது நிமிஷம், அதனால மொபைல வாங்கி நீ வச்சுக்கோ.